எல்.ஐ.சி. சாருக்கு எவ்வளவு கிட்டும்?

திற்பரப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி. சிவராத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கு சிவாலய ஓட்டத்தின் மூன்றாவது கோயில். உள்ளூர்க்காரர்களுக்கோ ரப்பர். குலசேகரம் வரைக்கும், அதைத் தாண்டியும், எங்கே திரும்பினாலும் ரப்பர் மரம்தான். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர், பாலெடுத்து ஊற்றி, முந்தின நாள் உறைந்ததை ஷீட் அடித்துக் காயப்போட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மதியம் ஆகிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எல்.ஐ.சி. சார் வருவார். கையில் ஒரு பை, பைக்குள் வருடக் காலண்டர், சட்டைப் பையில் இரண்டு பேனா.

அவர் அந்நியர் இல்லை. பக்கத்துத் தெருக்காரர், சொந்தக்காரர், கோயில் கமிட்டியிலோ சர்ச் கமிட்டியிலோ கூட இருப்பவர். “அண்ணே, பிள்ளை காலேஜுக்குப் போவும்போ கையில பைசா வேண்டாமா?” என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து விழுந்துவிடும். இத்தனை நேரத்தில் எல்லாக் கேள்வியும் கேட்கப்படும். எத்தனை வருடம் கட்டணும், போனஸ் எவ்வளவு, நடுவில் லோன் கிடைக்குமா, எல்லாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்பதில்லை. “இதுல உங்களுக்கு எவ்வளவு கிட்டும், சார்?”

கேட்டால் மரியாதைக் குறைவாம். தேங்காய் வாங்கும்போது வியாபாரிக்கு என்ன லாபம் என்று கணக்குப் போடுகிறோம், நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று சண்டை போடுகிறோம், இருபது வருடம் பணம் கட்டப்போகும் காகிதத்துக்கு மட்டும் கேட்பதில்லை!

சரி, கணக்கைப் பார்ப்போம். இது ஒன்றும் ரகசியம் இல்லை. வெகுகாலமாக எல்.ஐ.சி.யின் நீண்டகால பாலிசிகளில் இருந்த கணக்கு இது: முதல் வருட பிரீமியத்தில் 25 சதவீதம் கமிஷன், அந்தக் கமிஷன் மேல் 40 சதவீதம் போனஸ் கமிஷன். இரண்டையும் சேர்த்தால் பிரீமியத்தில் 35 சதவீதம். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஏழரை சதவீதம். அதற்குப் பிறகு பாலிசி ஓடும் வரை 5 சதவீதம்.

35 வயதுள்ள ஒரு பால் வெட்டுத் தொழிலாளி வருடத்துக்கு 24,000 ரூபாய் கட்டும் 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்.ஐ.சி. சாருக்கு முதல் வருடம் 8,400 ரூபாய். அடுத்த இரண்டு வருடம் தலா 1,800. பிறகு வருடா வருடம் 1,200. எடுத்தவர் நாளைக்கே மரத்திலிருந்து விழுந்தோ நெஞ்சு வலித்தோ செத்துப்போனால் குடும்பத்துக்கு வருவது எவ்வளவு? இந்தப் பிரீமியத்துக்குக் காப்புத்தொகை ஐந்து லட்சத்தைத் தொடாது. இரண்டு பிள்ளைகளும் ஒரு வீட்டுக் கடனும் உள்ள குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்கு?

அதே ஆளுக்கு, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி கிடைத்தால், இதில் மூன்றில் ஒரு பங்கு பணத்துக்கு இதைப்போல் பல மடங்கு காப்பு கிடைக்கும். ஆனால் 8,000 ரூபாய் பிரீமியத்துக்கு அதே 35 சதவீதம் கொடுத்தாலும் சாருக்கு 2,800தான். அவர் ஏன் அதை விற்பார்? கமிஷன் என்பது எவ்வளவு காப்பு கொடுத்தோம் என்பதன் மேல் இல்லை, எவ்வளவு பணம் வாங்கினோம் என்பதன் மேல். இந்தத் தொழிலின் வம்பு எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

(நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டேர்ம் பாலிசி கேட்டுப் போனால் கம்பெனிகள் சம்பளச் சீட்டு கேட்கும், வருமான வரிக் கணக்கு கேட்கும், படிப்பு கேட்கும். பால் வெட்டுகிறவரிடம் இவை எதுவும் இருக்காது. எந்த வீட்டுக்குக் காப்பு ரொம்பத் தேவையோ அந்த வீட்டைப் பார்த்துத்தான் கம்பெனி முகம் திருப்பும். அதற்கு எல்.ஐ.சி. சாரைக் குறை சொல்ல முடியாது.)

எல்.ஐ.சி. மேல் இந்த ஊருக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 245 இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தபோது திற்பரப்பு தமிழ்நாட்டிலேயே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1 அன்றுதான் கல்குளம் தாலுகாவோடு இந்தப் பக்கம் வந்தது. மாநிலம் மாறியது, தாலுகா மாறியது, எல்.ஐ.சி. மாறவில்லை. நடுவில் எத்தனை சீட்டுக் கம்பெனி, எத்தனை பைனான்ஸ்! 2017இல் மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா நிதி கதவைச் சாத்தியபோது குமரி மாவட்டத்திலும் அந்தப் பக்கம் கேரளாவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி ஊரில் “பைசா போவாது” என்ற ஒரு வார்த்தைக்கே மதிப்பு உண்டு. எல்.ஐ.சி.யில் பைசா போகாது என்பது உண்மை. கம்பெனி ஓடிப்போகாது. ஆனால் கட்டுகிறவர் பாதியில் நிறுத்தினால் பைசா போகும். அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ரப்பர் வருமானம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் வலி புரியும். இடவப்பாதி மழை பிடித்தால் வெட்டு நிற்கும். மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டினாலும் எல்லாத் தோட்டத்திலும் கட்டுவதில்லை. ஐப்பசி மழைக்கு மறுபடி நிற்கும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கு ஓய்வு. மரத்துக்கு ஓய்வு என்றால் வெட்டுகிறவர் வீட்டு அடுப்புக்கும் ஓய்வு. போதாததற்கு விலை வேறு. 2011இல் ஒரு கிலோ ஷீட் 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. 240 ரூபாய் விலையை நம்பி எடுத்த பாலிசியை 100 ரூபாய் விலையில் எப்படிக் கட்டுவது?

மேலே சொன்னவர் இரண்டு வருடம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். கட்டியது 48,000. சாருக்குப் போனது 10,200. வெகுகாலம் இருந்த விதிப்படி மூன்று வருட பிரீமியம் கட்டாவிட்டால் திரும்பி வருவது பூஜ்யம். பிறகு அது இரண்டு வருடமாகக் குறைந்தது. 2024 அக்டோபர் 1 முதல், முதல் வருட பிரீமியத்தை முழுதாகக் கட்டி அந்த வருடம் முடிந்தாலே ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ. மாற்றியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அது அந்தத் தேதிக்குப் பிறகு விற்பவைக்கு. பழைய பெட்டியில் கிடக்கும் பழைய பாண்டுகளுக்கு இல்லை.

இப்படி நிறுத்துகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. எல்.ஐ.சி.யே வெளியிடும் கணக்கைப் பார்த்தால், விற்ற பாலிசிகளின் எண்ணிக்கையில் சுமார் பாதிதான் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருக்கிறது. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வு, 2004-05 முதல் 2011-12 வரை பாலிசிகள் காலாவதியானதால் இந்திய மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அது யூலிப் காலம். தனியார் கம்பெனிகள் 2000இல் உள்ளே வந்து, பங்குச்சந்தை ஏறிக்கொண்டிருந்தபோது “மூணு வருஷம் கட்டினா போதும், பணம் டபுள்” என்று விற்ற காலம். 2009 ஆகஸ்டில் செபி மியூச்சுவல் ஃபண்டுகளில் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. விற்பவர்களுக்கு அங்கே வருமானம் குறைந்ததும் எல்லாரும் யூலிப் பக்கம் தாவினார்கள். 2010 ஏப்ரலில் செபி 14 கம்பெனிகளுக்குத் தடை போட்டது, ஐ.ஆர்.டி.ஏ. கோபித்துக்கொண்டது, ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு பஞ்சாயத்தை முடித்தது. செப்டம்பரில் புது விதிகள் வந்தன. கட்டணங்கள் குறைந்தன, பணம் பூட்டிக்கிடக்கும் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருடமானது. கட்டணம் குறைந்ததும் முகவர்களுக்கு யூலிப் மேல் இருந்த காதலும் குறைந்தது. திரும்பவும் எண்டோமென்ட், மணிபேக். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதுபோல முகவர் கமிஷனைப் பார்த்து ஓடுகிறார். வேறென்ன செய்வார்?

அவரைத் திருடன் என்று சொல்வது சுலபம், அது சரியும் இல்லை. 2024 கடைசியில் செய்தித்தாள்களில் வந்த எல்.ஐ.சி. கணக்குப்படி தமிழ்நாட்டில் அதன் முகவர்கள் சுமார் 87,000 பேர். அவர்களின் சராசரி மாத வருமானம் 13,444 ரூபாய். சராசரி! விசிட்டிங் கார்டில் எம்.டி.ஆர்.டி. என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும் நாகர்கோவில் ஆளையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. அப்படியானால் திற்பரப்பில் டி.வி.எஸ். 50இல் சுற்றுகிறவருக்கு என்ன மிஞ்சும்? பெட்ரோல் அவர் செலவு. காலண்டர்கூடப் பல நேரம் அவர் செலவு. அவருக்கு மேலே ஒரு டெவலப்மென்ட் ஆபீசர் மார்ச் மாதம் நெருங்கினால் “டார்கெட் என்னாச்சு?” என்று தினமும் போன் போடுவார். அந்த ஆபீசரின் ஊக்கத்தொகையும் முதல் வருட பிரீமியத்தைப் பொறுத்ததுதான். மாடியிலிருந்து வாசல் வரைக்கும் எல்லாருடைய கண்ணும் முதல் வருடத்தின் மேலேயே.

இதில் இன்னொரு கூத்து உண்டு. “முதல் பிரீமியத்துல பாதி நானே போட்டுடுதேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்பார் சில பேர். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41 இதைத் தடை செய்கிறது. தன் கமிஷனில் ஒரு பைசாகூட வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்து லட்சம் வரை. கையெழுத்துப் போடும் அதே விண்ணப்பப் படிவத்தில் இந்தப் பிரிவு அச்சாகியிருக்கும், கையெழுத்துக்குச் சில வரிகள் தள்ளி. படிப்பவர் யார்? வாங்குகிறவருக்கு லாபம்தானே என்று தோன்றும். இல்லை. முதல் பிரீமியம் இலவசம் என்பதால் எடுத்த பாலிசியை இரண்டாம் பிரீமியத்தில் விட்டுவிடுகிறார்கள். டார்கெட் முடிந்தது, காப்பும் முடிந்தது.

மருத்துவக் காப்பீட்டில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பல வருடம் கமிஷன் உச்சவரம்பு 15 சதவீதமாக இருந்தது. முதல் வருடமும் புதுப்பிக்கும் வருடமும் ஏறக்குறைய ஒரே அளவு. குடும்பத்துக்கு 30,000 ரூபாய் பிரீமியம் என்றால் வருடா வருடம் 4,500 வரை. அதனால் வாடிக்கையாளர் போய்விடக்கூடாது என்ற கவலை முகவருக்கும் இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஓடி வருகிற முகவர்கள் உண்டு, திருவனந்தபுரம் வரை கூடவே போய் பில்லோடு மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. இங்கே உள்ள தப்பு வேறு மாதிரி. “சுகர் இருக்குன்னு எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்” என்று விண்ணப்பத்தில் மறைக்கச் சொல்வது. அது முகவரின் வாய்வார்த்தை, ஆனால் கையெழுத்து வாடிக்கையாளருடையது. ஆஸ்பத்திரிப் பழைய சீட்டில் “நான்கு வருடமாக சுகர்” என்று டாக்டர் எழுதியிருப்பார், கம்பெனி அதைக் காட்டி கையை விரிக்கும். இப்போது ஐந்து வருடம் தொடர்ந்து கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் நோய் வந்தால்?

இந்தப் பிரச்சினை நம் ஊரின் சொத்து என்று நினைக்க வேண்டாம். குமரி மாவட்டத்திலிருந்து எத்தனையோ நர்ஸ்கள் போயிருக்கும் அமெரிக்காவிலும் இதுதான் பேச்சு. அங்கே 65 வயதானவர்களுக்கு அரசின் மெடிகேர் திட்டம் 1965இல் வந்தது. அதன் ஒரு கிளையைத் தனியார் கம்பெனிகள் நடத்துகின்றன, அதை விற்க முகவர்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திருவிழா. டி.வி.யைத் திறந்தால் அதே விளம்பரம்தான். ஆனால் அங்கே அரசு கமிஷனுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறது. 2025ஆம் ஆண்டுத் திட்டங்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் முதல் வருடம் 626 டாலர், புதுப்பித்தால் 313. அதாவது சரிபாதி. எந்தக் கம்பெனியின் திட்டத்தை விற்றாலும் அதே உச்சவரம்பு. கூப்பிடாமல் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது, தெரியாதவர்களுக்குப் போன் போடக்கூடாது. (இந்த விதி இங்கே வந்தால் எல்.ஐ.சி. சார் எங்கே போவார்?) இத்தனை கட்டுப்பாடு இருந்தும் பணம் வேறு வழி கண்டுபிடித்ததாகக் குற்றச்சாட்டு. 2025 மே மாதம் அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேலும் மூன்று தரகு நிறுவனங்கள் மேலும் வழக்குப் போட்டது. மார்க்கெட்டிங் செலவு என்ற பெயரில் கோடிக்கணக்கான டாலர் லஞ்சமாகக் கைமாறியது என்பது புகார். கம்பெனிகள் மறுக்கின்றன.

நம் நாட்டில் போக்கு நேர் எதிராக இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஐ.ஆர்.டி.ஏ. ஒவ்வொரு பாலிசிக்கும் இருந்த தனித்தனி கமிஷன் உச்சவரம்பை எடுத்துவிட்டது. கம்பெனியின் மொத்தச் செலவு ஒரு எல்லைக்குள் இருந்தால் போதும், அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பதை அதன் இயக்குநர் குழு முடிவு செய்யலாம். மெடிகேர் கதையைப் படித்த பிறகு இது சரியான முடிவு என்று நம்புவது கஷ்டம். எல்.ஐ.சி. தன் அளவில் 2024 அக்டோபரில் முதல் வருடக் கமிஷனை 35இலிருந்து 28 சதவீதமாகக் குறைத்தது, பின்வருடங்களுக்குக் கொஞ்சம் கூட்டியது. முகவர்கள் கொடி பிடித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது, கையில் வரும் காசுதானே குறைந்தது. ஆனால் திசை சரி. பாலிசி இருபது வருடம் நிற்க வேண்டும் என்றால் சம்பளமும் இருபது வருடத்துக்குப் பரவித்தான் இருக்க வேண்டும். 28 இன்னும் கீழே வரலாம், பின்வருடக் கமிஷன் இன்னும் மேலே போகலாம். மொத்தத் தொகையைக் குறைக்கக்கூட வேண்டாம். அப்போது மழைக்காலத்தில் பிரீமியம் கட்ட முடியாமல் தவிப்பவர் வீட்டுக்கு சார் தானாக வருவார், மூன்று மாதத் தவணையாக மாற்றித் தருவார். இன்றைக்கு அவருக்கு அதில் கிடைப்பதைவிட அடுத்த தெருவில் புதிதாக ஒருவரைப் பிடிப்பதில்தான் வருமானம்.

அத்தோடு, ரசீதில் ஒரே ஒரு வரி. “இந்தப் பிரீமியத்தில் முகவருக்கு இவ்வளவு” என்று தமிழில், ரூபாயில். பிரிட்டன் 2013 தொடக்கத்திலிருந்து முதலீட்டு ஆலோசகர்களுக்குக் கமிஷனே கூடாது என்று தடை போட்டது. அவ்வளவு தூரம் இங்கே போக முடியாது. ஆலோசனைக்கு ஐநூறு ரூபாய் பீஸ் கேட்டால் திற்பரப்பில் யாரும் கொடுக்கமாட்டார்கள், அப்புறம் பாலிசியே இல்லாமல் போய்விடும். கமிஷன் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியட்டும்.

கமிஷன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் நம் முன்னாலேயே இருக்கிறது. மாநில அரசின் மருத்துவக் காப்பீடு, 2009இல் கலைஞர் பெயரில் வந்து, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக ஓடுகிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை, பிரீமியம் அரசு கட்டும். இதை விற்க ஆள் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் கார்டு ஞாபகம் வரும், பிறகு வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டம். இன்னொன்று, 2015இல் வந்த பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், எதனால் இறந்தாலும் (முதல் முப்பது நாள் விபத்துக்கு மட்டும்) இரண்டு லட்சம். வருடத்துக்கு 436 ரூபாய், 2022 ஜூன் வரை 330தான். சம்பளச் சீட்டு வேண்டாம், டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம், வங்கிக் கணக்கு போதும். மேலே சொன்ன பால் வெட்டுத் தொழிலாளிக்கு இதைவிட மலிவாக யாரும் காப்பு தரப்போவதில்லை. அந்த 436 ரூபாயில், சேர்த்துவிடுகிற முகவருக்கு ஒதுக்கியது 30 ரூபாய். எட்டாயிரத்து நானூறு எங்கே, முப்பது எங்கே? இதைச் சொல்ல யார் மதிய வெயிலில் பை தூக்கிக்கொண்டு வருவார்?

இதைப் படிக்கிற மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில், பீரோவுக்குள் பிளாஸ்டிக் கவரில், அப்பா பேரில் ஒரு பாண்டு இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: காப்புத்தொகை எவ்வளவு, கடைசியாகக் கட்டிய தேதி எது, நாமினி இடத்தில் யார் பெயர். (பாட்டியின் பெயர் இருக்கும், பாட்டி போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும்.) புதிதாக எடுத்த பாலிசி என்றால், பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் சொற்பப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். நின்றுபோன பாலிசி என்றால் ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம், எல்.ஐ.சி. அவ்வப்போது தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்து முகாம் நடத்தும். அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கையும் புரட்டிப் பாருங்கள், மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று. கணக்கு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. புதுப்பிக்க மே 31க்குள் கணக்கில் பணம் இருக்க வேண்டும். திற்பரப்பில் மழை ஆரம்பித்து வெட்டு நிற்பதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான்.